நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கு நடைப்பயிற்சி எதற்கு?

கோத்தகிரி மகள்:

வணக்கம். கோத்தகிரி பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 52 வயது. அப்பா இறந்த பிறகு ஆள் பாதியாகிவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்து அடுப்பு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார். சோறு இறங்கவில்லை. யாரிடமும் பேச்சும் இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன். மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். கூடவே தினமும் அரை மணி நேரம் நடக்கவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "காலைல ஏறுனா சாயங்காலம் வரைக்கும் மேடும் பள்ளமும்தான். முதுகுல மூட்டை வேற. இதுக்கு மேல எங்க நடக்கச் சொல்றாரு?" எனக்குப் பதில் வரவில்லை. நடந்தால் மனசு சரியாகும் என்றால் எங்கள் லைனில் ஒருத்தருக்கும் இந்த நோய் வந்திருக்கக் கூடாதே?

இன்னொன்று, இது எனக்கு. கொஞ்ச நாளாகப் படபடப்பு. குன்னூரில் வேலை செய்கிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்குப் படியேறும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஏதோ ஆகப்போகிறது என்று கை சில்லிட்டுப் போகும். ஈசிஜி எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போது அந்தப் படியை விட்டுச் சுற்றிப் போகிறேன். நான் உடற்பயிற்சி செய்யலாமா?

ஊட்டி ஓட்டக்காரர்:

கண்டிப்பாகச் செய்யலாம், தங்கச்சி. வேலை போய் வீட்டில் முடங்கியிருந்த காலத்தில் என்னை வெளியே இழுத்தது ஓட்டம்தான். அம்மாவையும் காலையில் ஐந்து மணிக்கு எழுப்பி நடக்கவைத்துப் பாருங்கள். அந்தக் குளிர்ந்த காற்றே பாதி மருந்து.

குன்னூர் பி.டி. டீச்சர்:

தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் முதலில் மறுக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் விடியாத நேரத்தில் தேயிலைக்கு நடுவே நடக்கவே கூடாது. கரடியும் காட்டெருமையும் நடமாடும் நேரம் அது. பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்பதுகூடத் தெரியாது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் நடை.

இப்போது உனக்கு, கண்ணு. உன் அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எஸ்டேட் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தேன், அவர்களின் அம்மாக்களை எனக்குத் தெரியும். கொழுந்து எடுக்கும்போது உடம்பு அசைகிறது, ஆனால் அது யாருடைய அசைவு? கண் இலையில், மனசு எடையில். இன்றைக்கு எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள், மேஸ்திரி என்ன சொல்வார். கழுத்தும் தோளும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். மழையில் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள் வேறு நனைந்து கனக்கும். நினைத்தபோது நிற்க முடியாது, நினைத்த வேகத்தில் போக முடியாது.

ஆராய்ச்சியிலும் இந்த வித்தியாசம் தெரிகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வெளிவந்த அலசல் ஒன்று, ஓய்வு நேரத்தில் தானாக விரும்பிச் செய்யும் பயிற்சி நல்ல மனநிலையோடு சேர்ந்து வருகிறது என்றும், வேலைக்காக உடம்பு படும் பாட்டில் அந்த நன்மை காணவில்லை என்றும் சொன்னது. அதனால் "நீங்கள்தான் நாள் முழுக்க நடக்கிறீர்களே" என்று அம்மாவிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம். டாக்டர் சொன்ன நடை வேறு. மூட்டை இல்லாத, எடை போடாத, யாரும் கேள்வி கேட்காத நடை அது.

ஆனால் சோர்ந்த உடம்பிடம் அரை மணி நேரம் கேட்காதே. எனக்கும் என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த நோய் வந்தது. வாழ்நாள் முழுக்க விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்டவளுக்குக் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து என் செருப்பை எடுத்துக் காலடியில் வைப்பாள். "கேட் வரைக்கும், டீச்சர். அங்க நின்னுட்டுத் திரும்பிடலாம்" என்பாள், அதற்கு மேல் ஒன்றும் பேச மாட்டாள். கேட் வரைக்கும்தான் போவோம். பிறகு அது டீக்கடை வரைக்கும் ஆனது, பிறகு சிம்ஸ் பார்க் வரைக்கும். மாத்திரையும் சாப்பிட்டேன், அதை விடவில்லை.

அம்மாவை அழைத்துப் போவது நீயாக இருந்தால் நல்லது. வேலை முடிந்து வந்ததும் வேண்டாம், அப்போது அவருக்குக் காபியும் வெந்நீரும்தான் தேவை. கொஞ்சம் உட்கார்ந்து எழுந்த பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே, லைன் ரோட்டில் சமமான இடமாகப் பார்த்துப் பத்து நிமிடம் போதும். கையை வீசி, தலை நிமிர்ந்து நடக்கட்டும். திரும்பி வந்து சுவரில் முதுகைச் சாய்த்து நின்று தோள்களைப் பின்னால் மெதுவாகச் சுழற்றச் சொல். கொழுந்து எடுப்பவர்களுக்கு அந்த இடம் இறுகிக் கிடக்கும். அது இளகும்போது மூச்சு அடிவயிறு வரை போகும். ஐப்பசி மழையில் வெளியே போக முடியாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரலாம். அதுவும் பயிற்சிதான்.

உன் படபடப்புக்கு வருகிறேன். குன்னூர் ஆறாயிரம் அடி உயரம். படியேறினால் யாருக்கும் மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும். பயத்தில் அடிப்பதும் அதே அடிப்புதான், அதனால் உடம்பு இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. நீ சுற்றிப் போகப் போக, அந்தப் படி ஆபத்து என்றே மனசு முடிவு கட்டிவிடும். டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டதால், வேண்டுமென்றே அதே படியில் ஏறு. பத்துப் படி ஏறி நில். "இது படி ஏறின துடிப்பு" என்று வாய்விட்டுச் சொல். ஓடிப்போகாதே, துடிப்பு தானாக அடங்கும்வரை அங்கேயே நில். பிறகு அடுத்த பத்து. நெஞ்சு வேகமாக அடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு தானே கண்டுகொள்ள வேண்டும், புத்திக்குச் சொல்லிப் பயன் இல்லை. ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றி விழப்பார்த்தாலோ மட்டும் நிறுத்திவிட்டு மறுபடி டாக்டரைப் பார்.

மனநலப் பிரிவு செவிலியர்:

டீச்சர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், மருந்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 1999-ல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு உள்ள 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: மாத்திரை மட்டும், உடற்பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து. 16 வாரம் கழித்து மூன்று பிரிவிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சீக்கிரமே தெளிவு வந்தது. 2024-ல் 218 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் நடை, மெல்லோட்டம், யோகா, தசைப் பயிற்சி எல்லாமே உதவின.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தினால் வேறு தொந்தரவுகள் வரும். சாப்பிடாமல், தூங்காமல் இருக்கும் அம்மாவுக்கு முதலில் மருந்துதான் கைகொடுக்கும், நடை அதோடு சேர்ந்து வரட்டும். தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தார்களா? இரண்டுமே இதே மாதிரிச் சோர்வைக் கொடுக்கும். "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி அம்மா பேசினால் தனியாக விடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம்.

கோத்தகிரி மகள்:

எல்லாருக்கும் நன்றி. தைராய்டு பார்க்கவில்லை, இந்த வாரமே பார்க்கிறேன். டீச்சர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எடை போடாத நடை" என்ற இடத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னார். ஒரு சந்தேகம், டீச்சர். லைனில் சும்மா நடந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்படுகிறார். என்ன செய்யலாம்?

குன்னூர் பி.டி. டீச்சர்:

அந்தக் கூச்சம் எல்லாருக்கும் இருக்கிறது, கண்ணு. கையில் ஒரு தூக்குச்சட்டியைக் கொடு, கடைக்குப் போகிற மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா யாராவது அம்மாவோடு பேசுகிறவராக இருந்தால் அவரையும் கூப்பிடு. அவருக்கும் முதுகு வலி இருக்கும், வருவார். ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் பஸ் ஏறிக் கோத்தகிரி நேரு பூங்காவுக்குக் கூட்டிப்போ. அங்கே எல்லாரும் சும்மாதான் நடக்கிறார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மாத்திரைச் சீட்டோடு, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, தூக்கம் எப்படி என்பதையும் எழுதிக்கொண்டு போ.