குறும்படம்: அம்மாவும் மகனும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி தெரிகிறது, எப்படிச் சரிசெய்வது?

கேட்டவர்: வணக்கம். என் முதல் குறும்படத்தைப் போனில் எடுத்தேன். சாப்பாட்டு மேசையில் அம்மாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடும் காட்சி. முதலில் இருவரையும் சேர்த்து வைட் (தூரத்திலிருந்து முழுக் காட்சி) எடுத்தேன். அம்மா இடது, மகன் வலது. அப்புறம் ஆளுக்கொரு குளோஸ்-அப் (முகம் மட்டும்). எடிட்டில் அடுக்கிப் பார்த்தால் இருவரும் முகத்துக்கு முகம் பேசுகிற மாதிரியே இல்லை. வேறு யாரிடமோ பேசுகிறார்கள். மகனின் மூக்கு வேறு பெரிதாகத் தெரிகிறது. நடிப்பு நன்றாக வந்திருக்கிறது, விட மனசில்லை.

பதில் (உதவி ஒளிப்பதிவாளர்): தம்பி, அம்மா குளோஸ்-அப் எடுக்கும்போது கேமராவை மேசைக்கு எந்தப் பக்கம் வைத்தீர்கள்?

கேட்டவர்: மறுபக்கம் அண்ணா. வைட் எடுத்த பக்கத்தில் நின்றால் அம்மாவுக்குப் பின்னால் ஜன்னல் வந்து முகம் இருட்டாகிவிட்டது.

பதில் (உதவி ஒளிப்பதிவாளர்): அங்கேதான் லைன் க்ராஸ் ஆகியிருக்கிறது. அம்மா கண்ணிலிருந்து மகன் கண்ணுக்கு ஒரு கயிறு கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் லைன். வைட் எடுத்தபோது கயிற்றுக்கு எந்தப் பக்கம் நின்றீர்களோ, குளோஸ்-அப்புக்கும் அந்தப் பக்கமே நிற்க வேண்டும். அப்போது திரையில் அம்மா வலப்பக்கம் பார்ப்பார் (ரைட் லுக்), மகன் இடப்பக்கம் பார்ப்பான் (லெஃப்ட் லுக்). நீங்கள் கயிற்றைத் தாண்டியதால் அம்மாவுக்கும் லெஃப்ட் லுக் வந்துவிட்டது.

மூக்குக்குக் காரணம் தூரம். போனின் மெயின் லென்ஸ் ரொம்ப வைட், அதாவது அகலமாகப் பார்க்கும். அதில் முகம் நிறைய வேண்டுமென்று கிட்டே போனால் முன்னால் இருக்கும் மூக்கு பெருக்கும், காது சுருங்கும். 2எக்ஸ் ஜூம் வைத்து நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள்.

இன்னொருவர்: அம்மா ஷாட்டை எடிட்டில் இடவலமாகத் திருப்பிவிட்டால் போதுமே?

பதில் (எடிட்டர்): லுக் சரியாகும். ஆனால் இடது தோளில் இருக்கும் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். பின்சுவரில் நாள்காட்டி இருந்தால் எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிவிடும். நம் ஊர் கண்ணுக்கு முந்தானை மாறினால் உடனே உறுத்தும். சோறு பிசையும் கையை இன்சர்ட்டாக (இடையில் செருகும் சின்ன ஷாட்) நடுவில் வைத்தால், ஷாட் மாறும் ஒரு இடத்தைச் சமாளிக்கலாம். இருபது இடத்தையும் முடியாது. அம்மா ஷாட்டை மட்டும் பேட்ச் ஒர்க்காக, அதாவது தனியாகத் திரும்ப எடுத்துவிடுங்கள். அதே புடவை, அதே நேரத்து வெயில்.

கேட்டவர்: ஜன்னலை என்ன செய்வது அக்கா? அம்மா கண்டிப்பானவர், அது தெரிய லோ ஆங்கிள் (கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் ஷாட்) வைக்கலாமா?

பதில் (உதவி ஒளிப்பதிவாளர்): திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். மீதி வெளிச்சத்தைக் கேமரா பக்கம் ஒரு தெர்மகோல் பிடித்து முகத்துக்குத் திருப்புங்கள். திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) லாக் செய்ய மறக்காதீர்கள்.

லோ ஆங்கிள் இப்போதே வேண்டாம் என்பது என் கருத்து. உட்கார்ந்திருக்கும் வரை கண் மட்டத்திலேயே வையுங்கள். எந்த வசனத்தில் அம்மா எழுகிறாரோ, அங்கே கேமரா மகன் கண் உயரத்திலேயே இருந்து அம்மாவை அண்ணாந்து பார்க்கட்டும். அந்த இடத்தில் அதற்குப் பலம் உண்டு. கேமராவைத் தாழ வைப்பது வேறு, அண்ணாந்து பார்க்க வைப்பது வேறு. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு, பாயில் உட்கார்ந்தவர்களைத் தாழ்ந்த கேமராவில்தான் எடுப்பார்; ஆனால் லென்ஸைப் பெரிதாக மேல்நோக்கிச் சாய்க்க மாட்டார். அவர் லைனையும் தாண்டுவார். படம் முழுக்க அதையே முறையாக வைத்திருந்ததால் அங்கே உறுத்தாது.

கேட்டவர்: ஞாயிறு காலை திரும்ப எடுத்துவிட்டேன். மேசைமேல் உண்மையாகவே சணல் கயிறு கட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டாண்ட் வைத்தேன். இப்போது அம்மா கேள்வி கேட்டதும் மகன் தலை குனிவது நேராக அவருக்கான பதிலாகத் தெரிகிறது. எழுந்து நிற்கும் இடத்தை மகன் உயரத்திலிருந்து எடுத்தேன். அங்கே வசனத்தையே நீக்கிவிட்டேன். மிக்க நன்றி அண்ணா, அக்கா.