மறு: ‘வாரண்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

வாதம் பற்றிய ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் மடல் பேச்சின் தொடர்ச்சி இது. ஒரு வாதத்துக்கு ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1958இல் வகுத்த ஆறு உறுப்புகளில் நான்குக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: கூற்று, சான்று, அளவடை (கூற்று எவ்வளவு உறுதி என்று காட்டுவது), மறுப்பு (கூற்று எப்போது செல்லாது என்று சொல்வது). இழுபறி ‘வாரண்ட்’டில்தான். சான்றிலிருந்து கூற்றுக்குப் போக எது நமக்கு அனுமதி தருகிறதோ, அது. அகராதியை மட்டும் நம்பினால் ‘பிடியாணை’ வந்து நிற்கும். ஆய்வேட்டின் ஓரத்தில் ‘இங்கே பிடியாணை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் மாணவர் சந்தோஷப்பட்டுவிடுவார்.

> வியாப்தி என்றே வைக்கலாமே, தருக்க நூல்களில் இருக்கிற சொல்தானே?

ஐயா, அந்த ஆசை எனக்கும் உண்டு. ஒன்று இருந்தால் மற்றதும் இருந்தே தீரும் என்ற பிணைப்புக்குத் தருக்க நூல்கள் தரும் பெயர்தான் வியாப்தி. மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லும் பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) எல்லாம் நம் வீட்டுச் சொத்து. மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையில் போல. ஆனால் வியாப்திக்கு விதிவிலக்கு கிடையாது; புகை இருக்கும் இடமெல்லாம் நெருப்பு இருந்தே தீர வேண்டும். டூல்மின் அத்தனை கறார் இல்லை. ‘பெரும்பாலும்’, ‘வேறு காரணம் இல்லாவிட்டால்’ என்று சேர்த்துக்கொள்ள இடம் விடுகிறார். அளவடையும் மறுப்பும் அவருக்குத் தேவைப்பட்டதே அதனால்தான். தவிர, எது வாரண்டாகச் செல்லும் என்பது துறைக்குத் துறை மாறும் என்கிறார். வியாப்தி என்று பெயர் வைத்தால் இந்த இரண்டும் அடிபட்டுப் போகும்.

துறைக்குத் துறை எப்படி மாறும் என்பதை இங்கே தண்டையார்பேட்டைப் படிப்பகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு முதுகலை மாணவி எழுதிய வரி இது: ‘எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் குறைந்ததற்குச் சாம்பல் கழிவே காரணம்.’ சான்று? தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் பேச்சு. முன்பு காலுக்குக் கீழே சேறு இருந்தது, இப்போது சாம்பல் படிந்து இறுகிக் கிடக்கிறது என்கிறார்கள்.

மானிடவியல்காரர் இதை ஏற்றுக்கொள்வார். தினமும் அந்த ஆற்றில் இறங்குகிறவரின் கைக்குத் தெரிவது அறிவுதான் என்பது அந்தத் துறையின் நியாயம். கடல் உயிரியல் படித்தவரோ படிவை எடுத்துச் சோதித்தீர்களா, சாம்பல் படாத இடத்தோடு ஒப்பிட்டீர்களா என்று கேட்பார். அவர் மீனவரை நம்பாமல் கேட்கவில்லை; ஒப்பீடு இல்லாமல் காரணம் சொல்லக் கூடாது என்பது அங்கே பழக்கம். சட்டம் படித்தவரிடம் கொடுத்தால் ஆட்டமே மாறிவிடும். வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் முன்னெச்சரிக்கைக் கொள்கையை ஏற்றது. அதன்படி, தன் செயலால் சூழலுக்குக் கேடில்லை என்று காட்டும் சுமை தொழில் நடத்துகிறவர் தலையில் விழுகிறது. ஒரே சான்று, ஒரே கூற்று. நடுவில் இருக்கும் நியாயம் மட்டும் மூன்று விதம். அந்த மாணவியிடம் ‘இன்னும் சான்று சேர்’ என்று சொல்லிப் பயனில்லை. எந்தத் துறை வாசகருக்கு எழுதுகிறாய் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

> உத்தரவாதம்?

வேண்டாம் தம்பி, அது கடைக்காரர் பேச்சு. மிக்சிக்குத் தருவது.

அப்புறம், யாரும் தொடாத ஒரு விஷயம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாரண்டைப் புதிதாகச் சொல்லித்தரவே வேண்டாம். ‘கூற்று – காரணம்’ வினாவில் இரண்டும் சரியாக இருக்கும், ஆனால் காரணம் கூற்றை விளக்காது என்றொரு விடை வருமே, பாதிப் பேர் தடுக்கி விழுவது அங்கேதான். இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாதம் ஆகிவிடாது என்பதை அவர்கள் மதிப்பெண் இழந்து கற்றிருக்கிறார்கள். ‘கூற்று’ என்ற சொல் உடனே ஒட்டிக்கொண்டதும் இதனால்தான் என்பது என் எண்ணம்.

வாரண்ட் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதையும் டூல்மின் சொல்கிறார்: எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாய்? இதையே எங்கள் தெருவில் ‘அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?’ என்பார்கள். அந்தச் சம்பந்தத்தைச் சொல்லும் நியாயம் என்பதால் ‘தொடர்பு நியாயம்’ என்பதை முன்மொழிகிறேன். முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு வெறும் ‘நியாயம்’ என்றே ஓட்டலாம். ‘தொடர்பு’ என்றால் தகவல் தொடர்போடு குழம்பும் என்று போன மடலில் ஒரு அம்மா பயந்தார். பக்கத்தில் ‘நியாயம்’ நிற்கும்போது குழம்பாது. கடந்து போக விடும் விதி என்ற பொருளில் முன்பு வந்த ‘கடவுவிதி’ அழகான சொல், ஒத்துக்கொள்கிறேன்; வகுப்பில் சொன்னால் ‘கடவுள் விதி’ என்று காதில் விழும், அவ்வளவுதான்.

ஆறாவது உறுப்பு ‘பேக்கிங்’ (backing). நியாயத்தையே ஒருவர் கேள்வி கேட்டால் அதற்கு முட்டுக் கொடுப்பது. மேலே சொன்ன சட்ட நியாயத்துக்கு அந்த 1996 தீர்ப்பு. இதற்கு ‘பின்புலம்’ கூடவே கூடாது, அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ‘அரண்’ எனக்குச் சரி என்று படுகிறது.

மருத்துவத்திலும் பொருளியலிலும் இருப்பவர்கள் தங்கள் துறைக் கட்டுரை ஒன்றிலிருந்து ஒரே ஒரு பத்தியை எடுத்து, கூற்று, சான்று, தொடர்பு நியாயம், அரண் என்று பிரித்து அனுப்புங்கள். எங்காவது சொல் இடித்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.