துக்கத்துக்கு அப்புறம் மறுபடி ரயில் ஓட்டினவங்க இருக்கீங்களா?

காவிரிக்கரைக்காரன், ஈரோடு

குட்டி ரயில் கட்டற ஆளுங்ககிட்ட மட்டும் கேக்கற கேள்வி இது. மத்தவங்ககிட்டக் கேட்டா "இந்த வயசுல பொம்மை வண்டியா"ன்னு ஆரம்பிச்சுருவாங்க. ஊட்டுல ஒரு சாவு விழுந்து, ரயிலைத் தொடாம விட்டு, அப்புறம் மறுபடி தொட்டவங்க எப்படித் தொட்டீங்க? என் கதையை முதல்ல சொல்லிடறேன்.

என் தம்பி போய் வருசம் தாண்டிருச்சு. மாரடைப்பு. மாடி ரூம்ல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கட்டின எச்.ஓ. லேஅவுட், அதாவது நெசத்துல 87-ல ஒரு பங்கு அளவுக் குட்டி ரயில் பாதை, இருக்கு. பத்தடிக்கு அஞ்சடி பிளைவுட், ரெட்டைத் தடம், ஒரு ஓரத்துல காவிரிப் பாலம், பாலம் தாண்டினா பள்ளிபாளையம் மாதிரி நாலஞ்சு தறிக்குடோன். ஈரோட்டுல எலக்ட்ரிக் லோகோ ஷெட், டீசல் லோகோ ஷெட் ரெண்டும் இருக்கறதால சின்னதுல இருந்தே எங்களுக்கு வண்டிப் பைத்தியம். வேலையைப் பிரிச்சே செஞ்சோம். மரவேலை, மேடு பள்ளம், பாலம், கட்டடம் எல்லாம் என்னுது. கரண்ட் சமாச்சாரம் பூரா அவனுது. அவன் தறி மோட்டாருக்கும் கிணத்து மோட்டாருக்கும் காயில் கட்டற கடை வெச்சிருந்தவன், அதனால பலகைக்கு அடியில நான் குனிஞ்சு பார்க்க வேண்டிய அவசியமே வரலை.

கருமாதி முடிஞ்சு ஒறம்பரை எல்லாம் கெளம்பினதும் ரூமைப் பூட்டிட்டேன். ஒரு வருசத்துக்கு நோம்பி நொடி கெடையாதுங்கறது எங்க ஊட்டு முறை. "தலைத்திவசம் கும்பிடற வரைக்கும் அந்த வெளையாட்டுச் சாமானத்தைத் தொடாதடா"ன்னு பெரியம்மா சொன்னாங்க. சொல்லாட்டியும் தொட்டிருக்க மாட்டேன். சாவியைப் பார்த்தாலே வெசனமாத்தான் இருந்துச்சு.

தொறக்க வெச்சது ஐப்பசி மழைங்க. தளம் ஒழுகி ரூமுக்குள்ள சொட்டுச் சொட்டா எறங்கிருச்சு. கொத்தனார் வந்து பார்த்துட்டு, பலகையை நகர்த்தினாத்தான் வேலை செய்ய முடியும்னுட்டார். நகர்த்தணும்னா ஒயரைக் கழட்டணும். எந்த ஒயர் எங்க போகுதுன்னு குறிக்காமக் கழட்டினா, அந்த லேஅவுட் அன்னிக்கே செத்த மாதிரி. தம்பி படம் எதுவும் வரைஞ்சு வெக்கலை. எல்லாம் அவன் மண்டைக்குள்ளதான் இருந்துச்சு.

பாயைப் போட்டு மல்லாக்கப் படுத்துக்கிட்டு, மல்டிமீட்டரைச் சத்தம் கேக்கற மாதிரி வெச்சு, ஒவ்வொரு ஒயரா முனைக்கு முனை தொட்டுத் தொட்டுப் பார்த்து நோட்டுல எழுதினேன். அங்கதான் அவன் எப்படி யோசிச்சான்கறது தெரிய ஆரம்பிச்சுது. ரெண்டு தடிச்ச ஒயர் பலகையோட நீளத்துக்கும் ஓடுது, கடையில மிச்சமான வீட்டு ஒயர். அதுல இருந்து மூணடிக்கு ஒரு எடத்துல மெல்லிசு ஒயர் ஏறித் தண்டவாளத்தோட அடியில பத்த வெச்சிருக்கு. அப்படிச் செய்யலைன்னா தூரம் போகப் போக வோல்டேஜ் கொறைஞ்சு வண்டி சோரும். தண்டவாளத்து ஜாயின்ட்டை மட்டும் நம்பக்கூடாதுன்னு அவன் ஆயிரம் வாட்டி சொல்லியிருக்கான். தடம் மாத்தி விடற பாயிண்ட் மோட்டாருக்கெல்லாம் ஒரு கெப்பாசிட்டர் பெட்டி. பொத்தானைத் தொட்டதும் சேத்து வெச்ச கரண்டை ஒரே அடியா விட்டுக் காயிலைத் தட்டும், வெரல் அழுத்திக்கிட்டே இருந்தாலும் காயில் கருகாது. காயில் கட்டறவன் காயில் கருக விடுவானா!

பெரிய சமாச்சாரம் அடுத்தது. எங்க லேஅவுட்டுல ஓவலுக்குக் குறுக்கே ஒரு திருப்புத் தடம் இருக்கு. வண்டி அதுல பூந்து, வந்த தடத்துலயே எதிர்த் திசையில வெளிய வரும். எங்களுது டி.சி. லேஅவுட், ரெண்டு தண்டவாளத்துல ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். திருப்புத் தடத்தைச் சும்மா சேத்துட்டா பிளஸ் போய் மைனஸ்ல முட்டி ஷார்ட் ஆகும். அதனால அந்தத் தடத்தோட ரெண்டு முனையிலயும் தண்டவாளத்தை வெட்டி, பிளாஸ்டிக் ஜாயினர் போட்டுத் தனியாப் பிரிச்சு வெக்கணும். வண்டி முழுசா உள்ள வந்ததுக்கு அப்புறம் ஒரு சுவிட்சத் தட்டி மெயின் லைனோட பிளஸ் மைனஸை மாத்தணும். அந்தச் சுவிட்சை அவன் என்னைத் தொடவே விட்டதில்லை. "நாலு பெட்டிக்கு மேல மாட்டாதே"ன்னு வேற சட்டம். அஞ்சு மாட்டணும்னு நான், நாலுதான்னு அவன், எத்தனையோ ராத்திரி சண்டை.

டேப் போட்டு அளந்தேன். பிரிச்சு வெச்ச துண்டு ஒண்ணேகால் மீட்டர்தான். ஒரு ஐ.சி.எஃப். பெட்டி எச்.ஓ.வுல இருபத்து நாலரை சென்டிமீட்டர். நாலு பெட்டியும் ஒரு டபிள்யூ.ஏ.பி.-4 எஞ்சினும் சேந்தா அதுக்குள்ள அடங்கும். அஞ்சாவது பெட்டியோட இரும்புச் சக்கரம் வெட்டுக்கு மேல நின்னுக்கிட்டு ரெண்டு பக்கத்தையும் சேத்துரும். சுவிட்சத் தட்டினதும் ஷார்ட். சரி, காரணம் புரிஞ்சுது. ஆனா இன்னொரு அடி தள்ளி வெட்டியிருந்தா அஞ்சு பெட்டி தாராளமாப் போயிருக்கும், எடமும் இருக்கு. படுத்த வாக்குலயே அவனோட அதுக்குச் சண்டை போட்டேன். சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அன்னிக்குத்தான் ஓட்டிப் பாக்கணும்னு தோணுச்சு. தலைத்திவசத்துக்கு இன்னும் நாள் இருந்துச்சு. பெரியம்மாகிட்ட "கரண்ட் ரிப்பேருங்க"ன்னு சொன்னேன், அவங்களும் ஒண்ணும் சொல்லலை.

மனசு சரியாகட்டும், அப்புறம் ஓட்டலாம்னு இருக்கறவங்களுக்கு: எனக்கு மனசு சரியாகவே இல்லை. கைக்கு ஒரு வேலை வந்துச்சு, அவ்வளவுதான்.

கல்லார் டீச்சர், மேட்டுப்பாளையம்

படிச்சேனுங்க. நான் மறுபடி வந்தவ இல்லை, அவர் போனதுக்கு அப்புறம் புதுசா வந்தவ.

எங்க வீட்டுக்காரர் கட்டினது ஊட்டி மலை ரயில். அதுவும் கல்லாருல இருந்து ஹில்குரோவ் பக்கம் வரைக்கும் மட்டும். அது மீட்டர் கேஜ்ங்கறதால 87-ல ஒரு பங்குக்கு 12 மி.மீ. தடம். நெசமான பாதையில கல்லாருக்கு மேல 12 அடி போனா 1 அடி ஏத்தம், குன்னூர் வரைக்கும் பல் தண்டவாளம். அதையே மேசையில வெச்சா ஒரு மீட்டருக்கு எட்டு சென்டிமீட்டருக்கு மேல ஏறணும். சாதாரண எஞ்சின் சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தும். சுவிஸ் மலை ரயிலுக்குன்னு விக்கற பல் தண்டவாளத்தை ஒரு சொந்தக்காரப் பையன்கிட்டச் சொல்லி வரவழைச்சார். அந்த மலையில ஓடற எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சினை முதல்ல செஞ்சு அனுப்பினதே சுவிட்சர்லாந்து விண்டர்தூர்தானே, அங்கிருந்தே பல் வரட்டும்னு சொல்லிச் சிரிப்பார்.

எம் பங்கு மரம் மட்டும். கல்லாருன்னா பாக்குத் தோப்பு இல்லாம எப்படி? ஈர்க்குச்சியில தண்டு, பச்சைக் காகிதத்தைக் கத்தரிச்சு மட்டை. காட்டு மரத்துக்குக் காய்ஞ்ச துளசிச் செடியைத் தலைகீழாத் தொங்க விட்டு, ஃபெவிகால்ல முக்கி, சாயம் ஏத்தின மரத்தூள்ல பொரட்டுவேன். இத்தனை வருசத்துல எஞ்சினைக் கையில எடுத்ததே இல்லை.

அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம்கூட ஆகலை. எழவு கேக்க வந்தவங்களோட ஒருத்தர் வந்தார். முகம் தெரிஞ்சவர்தான். காப்பி குடிச்சு முடிச்சதும் மெதுவா, "அந்தச் செட்டைக் குடுக்கறதா இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க, வேற யாருக்கும் குடுத்துறாதீங்க"ன்னார். வெலையும் சொன்னார். நல்ல வெலையா, அடிமாட்டு வெலையான்னு எனக்குத் தெரியலை. அதுதான் உறுத்துச்சு. ஊட்டுக்குள்ள இருக்கற பொருள் என்ன, எத்தனை பெறும்னு தெரியாம நான் உக்காந்திருக்கேன்.

அப்புறம் அவரோட பில்லு, பெட்டி, நோட்டு எல்லாத்தையும் எடுத்துப் போட்டுப் பட்டியல் எழுத ஆரம்பிச்சேன். எது எஞ்சின், எது ஓடும், எது ஓடாதுன்னு தெரிஞ்சுக்க ஓட்டித்தானே பாக்கணும்? அப்படித்தான் கண்ட்ரோலரைத் தொட்டேன். பட்டியலும் முடிஞ்சுது, வெலையும் தெரிஞ்சுது. விக்கலை. அந்த மனுசர் சொன்னது பாதி வெலைகூட இல்லைங்க.

எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். உங்க சாமான் எது என்ன வெலைன்னு ஒரு நோட்டுல எழுதி ஊட்டுல இருக்கறவங்ககிட்டக் குடுத்து வெய்யுங்க. ஒயர் படத்தோட சேத்து.

பனியன் கம்பெனி, திருப்பூர்

எனக்கு வேற மாதிரிங்க, கொஞ்சம் கசப்பாவும் இருக்கும்.

பள்ளிக்கூடத்துல இருந்து கூட வந்த சேக்காளி. ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா அவன் குடோன்லதான் கெடப்போம். விபத்துல போயிட்டான். அவன் சம்சாரம் நல்ல மனசோட "அண்ணா, நீங்களே எடுத்துக்கங்க"ன்னு லேஅவுட்டை எனக்குக் குடுத்துட்டாங்க. அப்படியே கொண்டாந்து வெச்சேன். ஒரு மரத்தைக்கூட நகர்த்த முடியலை. அவன் வெச்ச எடத்துல இருந்த கார் சாஞ்சு கெடந்துச்சு, அதை நிமித்தக்கூட யோசிச்சேன். சமாதிக்குப் பூசாரி மாதிரி தூசி தட்டிக்கிட்டு இருந்தேனே ஒழிய, ஓட்டலை.

கடைசியில பிரிச்சுட்டேன். பெட்டிகளையும் எஞ்சினையும் அவன் பையனுக்குன்னு அட்டைப்பெட்டியில போட்டு எழுதி வெச்சாச்சு. நான் எச்.ஓ.வை விட்டுட்டு அதைவிடச் சின்னதான 'N' ஸ்கேலுக்கு மாறிட்டேன். 160-ல ஒரு பங்கு, 9 மி.மீ. தடம். ஒரு பழைய பிளஷ் டோர் போதும், அதுல எட்டு பெட்டி வண்டி ஓடுது. அவன் கை படாத பலகை. எனக்கு அதுதான் ஒத்துச்சு. செத்தவங்க கட்டினதைக் காப்பாத்தறேன்னு சொல்லி, ஓடற சாமானை நிறுத்தி வெக்கறது எனக்குச் சரியாப் படலை. ஈரோட்டு அண்ணனுக்குச் சொல்லலை, அவர் ஓட்டறார்.

ஆனைமலை ரோடு, பொள்ளாச்சி

நான் சின்னப் பையனுங்க. எங்க அப்பாரு போன தை மாசம் தவறிட்டாரு. எங்க ஊருக்கு மீட்டர் கேஜ் இருந்த காலத்து ஆளு. போத்தனூர் பாதையை அகலப்படுத்த மூடினப்ப ரொம்ப வருத்தப்பட்டாராம். 2017-ல மறுபடி வண்டி வந்தப்ப என்னையும் கூட்டிக்கிட்டு ஸ்டேசனுக்குப் போனார்.

அவர் அட்டாலியில ஒரு பழைய லிமா எஞ்சின், இத்தாலிக்காரனுது, கொஞ்சம் தண்டவாளத்தோட இருக்கு. கரண்ட் குடுத்தா 'ம்ம்'ங்குது, நகர மாட்டேங்குது. கடையில காட்டினா "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்க தம்பி"ங்கறாங்க. ஓட வெக்க முடியுமாங்ணா? அம்மிச்சி அது ஓடிப் பாத்திருக்காங்களாம், மறுபடி பாக்கணுங்கறாங்க.

காவிரிக்கரைக்காரன், ஈரோடு

டீச்சரம்மா, நோட்டு சமாச்சாரம் நூத்துக்கு நூறு. என் ஒயர் நோட்டைப் பேனாவுல திருப்பி எழுதி, ஒரு பிரதியைத் தம்பி ஊட்லயும் குடுத்துட்டேன்.

திருப்பூர்க்காரரே, பிரிச்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எங்க பலகையிலயும் மாத்தம் வருது. அந்தத் திருப்புத் தடத்து வெட்டைப் பிடுங்கி, இன்னொரு அடி தள்ளி வெட்டப் போறேன். அவன் இருந்தா ஒத்துக்க மாட்டான். இன்னொரு கொறையும் அவனுக்கு இருந்துச்சு: நம்ம அகலப்பாதை 1,676 மி.மீ., அதை 87-ஆல வகுத்தா 19.3 வரணும், கெடைக்கற தடமோ 16.5. நம்மூரு எஞ்சின் ஒடுக்கமான தடத்துல நிக்குதேன்னு ஒவ்வொரு வாட்டியும் பொலம்புவான். அதுக்கு என்கிட்ட வழி இல்லை.

பொள்ளாச்சித் தம்பி, தூக்கிப் போடாதீங்க. மோட்டார் உயிரோடதான் இருக்கு, பல் சக்கரத்துல பழைய கிரீஸ் காஞ்சு அரக்காட்டம் இறுகியிருக்கும். கரண்டைத் தொடர்ந்து குடுக்காதீங்க, சுத்தாத மோட்டாருக்குக் கரண்ட் போனா காயில் சூடாகிக் கருகிரும். மேல்கூட்டை மெதுவா நெம்பிக் கழட்டுங்க. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பட்ஸை நனைச்சு, பழைய கிரீஸ் பூரா வர்ற வரைக்கும் தொடைங்க. அதே ஆல்கஹால்ல மோட்டார் உள்ள இருக்கற செம்புப் பட்டையையும் தொடைங்க, அங்கதான் கார்பன் பிரஷ் ஒரசும். வெரலால சக்கரத்தைத் தள்ளினா லேசாச் சுத்தணும். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய், அச்சு நுனியில ஊசி மொனை அளவு. செம்புப் பட்டையில எண்ணெய் படவே கூடாது. தடத்துல வெக்கறதுக்கு முன்னால 9 வோல்ட் பேட்டரியை மோட்டாருக்கு நேராக் குடுத்துப் பாருங்க.

சுத்திருச்சுன்னா அடுத்தது சக்கரத்துல இருக்கற ரப்பர் வளையம். பழசுன்னா கல்லாயிருக்கும், மாத்தணும். தண்டவாளத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, கீறல்ல அழுக்கு சேந்துக்கும். துணியில ஆல்கஹால் போதும். பழைய லிமாவுக்குச் சக்கர விளிம்பு ஆழம் அதிகம், உயரம் கம்மியான புதுத் தண்டவாளத்துல அடியில இருக்கற ஸ்லீப்பர் கட்டையைத் தட்டிக்கிட்டே ஓடும். அதனால அப்பாரு தண்டவாளத்துலயே ஓட்டுங்க.

கார்பன் பிரஷ் தேஞ்சிருந்தா மோட்டாரைப் படம் எடுத்து, பிரஷ்ஷோட நீள அகலத்தையும் எழுதிப் போடுங்க. தம்பி கடையில வேலை பார்த்த பசங்க கடையை நடத்திக்கிட்டுத்தான் இருக்காங்க. பெரிய பிரஷ்ஷை ராவி அளவுக்குக் கொண்டாந்துருவாங்க, கேட்டு வாங்கி அனுப்பறேன்.