சிஸ்டம் திடீரென்று உறையுதா, தானா ரீஸ்டார்ட் ஆகுதா? குமரி மாவட்ட சர்வீஸ்காரர்களின் அனுபவங்கள்

குளச்சல் பக்கம்:

விண்டோஸை மறுபடி போட்டும் உறைகிற சிஸ்டத்தில் முதலில் ரேமை, அதாவது மெமரி அட்டையை, கழற்றுங்கள். உப்புக்காற்று படுகிற வீடுகளில் அதன் பொன்னிறப் பட்டை மங்கிப்போகும். லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால், கட்டஞ்சாயாக் கறை மாதிரி பழுப்பு தெரியும். பவர் கார்டை உருவி, பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்த பிறகே கை வைக்கணும். வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழவே கூடாது. உப்புத்தாள் மட்டும் வேண்டாம் மக்கா! தங்கப் பூச்சு உரிந்துவிட்டால் அடியில் இருக்கிற உலோகத்தை உப்பு சீக்கிரம் தின்றுவிடும்.

பிறகு பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வருகிற செட்டிங் திரை) ரேம் வேகத்தைக் கூட்டுகிற எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து, ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே மாட்டி ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ நான்கு பாஸ் (முழுச் சுற்று) ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது.

மார்த்தாண்டம்:

குளச்சல் அண்ணாச்சி சொன்னது உறைவதற்குச் சரி. பட்டென்று அணைந்து தானாக ரீஸ்டார்ட் ஆனால் முதலில் கரண்டைத்தான் பார்க்கணும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டதும் எஸ்.எம்.பி.எஸ். (கரண்ட் கொடுக்கிற பெட்டி) போச்சு என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். சிஸ்டம் முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். டீடெயில்ஸ் பகுதியில் பக்செக்-கோட் என்கிற பிழை எண்ணைப் பாருங்கள். 0 என்றால் பெரும்பாலும் விண்டோஸ் எதையும் எழுதுவதற்குள் கரண்ட் போயிருக்கும், இல்லையென்றால் சிஸ்டம் மொத்தமாக உறைந்திருக்கும். 278 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரோ கார்டோ பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ்-ஐ லோடு கொடுத்துத்தான் மீட்டர் வைக்கணும். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25. சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டுகிற யூனிட், கேமோ வீடியோ எடிட்டிங்கோ ஓடும்போது 11.2-க்கு இறங்கினால் மாற்றியே ஆகணும். அதைத் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? எர்த் சரியில்லை. நம்ம வெட்டுக்கல் மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் வருகிறது என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டைத் தாண்டினால் வயரிங்கைச் சரிபார்க்கணும்.

குலசேகரம்:

இங்கே சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி அதிகம். எல்லாரும் பிளக்கைப் பிடுங்குகிறார்கள், இன்டர்நெட் வருகிற லேன் கேபிளை மறந்துவிடுகிறார்கள். இடி அதன் வழியாகவும் வரும். இடி மழைக்குப் பிறகு உறைய ஆரம்பித்த சிஸ்டத்தில், பயாஸில் ஆன்போர்டு லேனை (போர்டிலேயே இருக்கிற லேன் சிப்) டிஸேபிள் செய்து ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். உறையாமல் ஓடினால் லேன் சிப்தான் போயிருக்கிறது. தனி லேன் கார்டு போட்டால் போதும், போர்டை மாற்ற வேண்டாம்.

நாகர்கோவில்:

உறைந்ததும் ரீசெட்டை அமுக்காதீர்கள். நம்லாக் கீயைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் அமுக்கிக்கொண்டு பி-யைத் தட்டினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திரை திரும்பி வந்தால் பழுது அந்தப் பக்கம். மவுஸ் ஓடுகிறது, ஆனால் கிளிக் செய்த எதுவும் திறக்கவில்லை என்றால் டிஸ்கைச் சந்தேகப்படுங்கள்.

டிஸ்கின் நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஹார்ட் டிஸ்கின் மூன்று வரிகளைப் பாருங்கள்: 05 (மாற்றி ஒதுக்கிய செக்டர்கள்), சி5 (சந்தேகத்துக்குரிய செக்டர்கள்), சி7 (கேபிள் வழியில் வரும் பிழைகள்). 05-ம் சி5-ம் ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே பேக்கப் எடுத்துவிடுங்கள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்கில் குற்றமில்லை, டிஸ்கைப் போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிள்தான். கடலோரத்தில் அந்தக் கேபிளின் முனையும் கறுக்கும். புதுக் கேபிள் போட்டாலும் பழைய எண்ணிக்கை பூஜ்யமாகாது. அதனால் மாற்றிய அன்றைய எண்ணைக் கேபினெட்டுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.