பாறைக் கரையில் இறங்குவதும் ஏறுவதும்: ஸ்கூபா அனுபவங்கள்

பாறைக் கரையிலிருந்து மூழ்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் இறங்குவதற்கு வசதியான இடத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் ஏறுவதற்கான இடம் முடிவான பிறகே இறங்குவதைப் பற்றி யோசிக்கிறேன். இறங்கும்போது உடலில் தெம்பும் சிலிண்டரில் காற்றும் நிறைந்திருக்கும். மனம் ஒப்பவில்லை என்றால் திரும்பிப் போய்விடலாம். ஏறும்போது இவற்றில் எதுவும் கைவசம் இருக்காது. போதாக்குறைக்கு, நாம் நீருக்கடியில் இருந்த நேரத்தில் ஓதம் ஏறியோ வற்றியோ, பார்த்து வைத்த படிக்கட்டுப் போன்ற பாறையே காணாமல் போயிருக்கலாம்.

ஒரு காலை வேளையில் நடந்ததைச் சொல்கிறேன். காற்று சிறிதும் இல்லை. கடல் படுத்துக் கிடந்தது. ஆனாலும் கருவிகளை அணியாமல் கால் மணி நேரமாவது அலைகளைப் பார்ப்பது என்ற வழக்கத்தை நானும் என் துணை மூழ்குநரும் விடவில்லை. அலைகள் கூட்டங்கூட்டமாக வருபவை. பெரியவை சில அடுத்தடுத்து வந்து மோதிய பிறகு நீர் சற்று நேரம் அடங்கியிருக்கும். அந்த அடக்கத்தை மட்டும் பார்த்தவர் அதுவே அன்றைய கடல் என்று நம்பிவிடுவார்.

நாங்கள் ஏறுவதாக இருந்த பாறைத்திட்டின் மேற்பகுதி வெளுத்து உலர்ந்திருந்தது. அதற்குக் கீழே வழவழப்பான கரும்பட்டை, அதன் கீழே பாறையில் ஒட்டி வாழும் கூரிய ஓட்டுச் சிற்றுயிர்களான கொட்டலசுகள் அடர்ந்த சாம்பல் நிறப் பட்டை, நீரை ஒட்டிப் பச்சைப் பாசி. கொட்டலசின் மேல் கால் வழுக்காது, தோல்தான் கிழியும். ஆளைச் சாய்ப்பவை கரும்பட்டையும் பாசியுமே. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, உலர்ந்த மேற்பகுதியில் உள்ளங்கை அளவான ஒரு குழியில் தேங்கியிருந்த நீர். மழை பெய்திருக்கவில்லை, குழியைச் சுற்றியிருந்த பாறை ஈரம் காயாமல் இருந்தது. அப்படியென்றால் சற்று முன்பு ஏதோ ஓர் அலை அவ்வளவு உயரம் ஏறியிருக்க வேண்டும். காத்திருந்தோம், அது மறுபடியும் வந்து, நாங்கள் நிற்பதாக இருந்த திட்டு முழுவதையும் கழுவிவிட்டுப் போனது.

அலைக்கும் அலைக்கும் இடையே சுமார் 14 நொடி இருந்தது. தொலைவில் எங்கோ வீசிய காற்றால் கிளம்பி வரும் இத்தகைய அலைகள் பார்வைக்குத் தாழ்வாகவே தெரியும். ஆனால் 14 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறத்தாழ 300 மீட்டர். அந்த நீளத்தில் பாதி ஆழம் வரை அது நீரை அசைக்கும் என்பதால், பத்து மீட்டர் ஆழமுள்ள கரையோரத்தில் தரை வரைக்கும் எல்லாமே முன்னும் பின்னும் ஆடும். திட்டைக் கைவிட்டு, முனைக்கு மறுபுறம் அலை மறைவில் இருந்த கூழாங்கல் கரையிலேயே இறங்கி அங்கேயே ஏறினோம். மாற்றிடம் வரை நீந்த நேரலாம் என்பதால், சிலிண்டரில் மிச்சமிருக்க வேண்டிய காற்றின் அழுத்தமாக வழக்கமாகச் சொல்லப்படும் 50 பாருக்குப் பதிலாக இத்தகைய கரைகளில் 80 பாரை மிச்சம் வைத்துக்கொண்டு திரும்புகிறேன்.

*

மேலே எழுதியவர் சொன்னதுடன் நான் முழுவதும் உடன்படுகிறேன். ஃபின்களை, அதாவது நீந்துவதற்காகக் காலில் அணியும் துடுப்புகளை, பற்றி மட்டும் சிறிது சேர்க்க விரும்புகிறேன். ஏறுவதற்கு முன்பே நீரில் ஃபின்களைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அமைதியான கரையில் அது சரி. அலை மோதும் பாறைக்கு முன்னால் ஃபின் இல்லாதவர், பிடி நழுவிய கணத்தில் தக்கையைப் போல் அலையின் போக்கில் போக வேண்டியதுதான். பாறையில் உறுதியான பிடி கிடைத்த பிறகே நான் கழற்றுகிறேன். சில இடங்களில் கழற்றாமலேயே தவழ்ந்து ஏறியிருக்கிறேன்.

ஏறும் முறையும் பொறுமையில்தான் இருக்கிறது. அலை உடையும் எல்லைக்கு வெளியே மிதந்தபடி பெரிய கூட்டம் கடந்து போகும்வரை காத்திருந்து, அதன் கடைசி அலைக்குப் பின்னாலேயே கரையை நோக்கி நீந்த வேண்டும். அடுத்து வரும் சிறிய அலை நம்மைத் தூக்கித் திட்டின் மேல் விடும். நீர் பின்வாங்கும்போது ஏற முயலாமல் பாறையை இறுகப் பற்றியிருந்து, இழுவை ஓய்ந்ததும் முழங்காலும் கையுமாக மேலே நகர வேண்டும். எழுந்து நிற்பது கம்பீரமாகத் தோன்றலாம். ஆனால் சிலிண்டரும் எடைகளுமாக 25 கிலோவைச் சுமந்துகொண்டு பாசியில் நிற்பவருக்கு முட்டளவு அலையே போதும். மாஸ்க்கையும், வாயில் வைத்துச் சுவாசிக்கும் ரெகுலேட்டரையும் அலை எட்டாத இடம் வரை கழற்றக் கூடாது. கேமரா கையில் இருக்கவே கூடாது. இரண்டு கைகளும் பாறைக்கு வேண்டும்.

குதித்து இறங்குவதானால், அடியில் போதிய ஆழம் இருப்பதை உறுதி செய்துகொண்டு, அலை உச்சிக்கு ஏறும்போது குதிப்பது நல்லது. பின்வாங்கும் நீரே நம்மைப் பாறையிலிருந்து வெளியே கொண்டு போகும். அங்கேயே மிதந்தபடி பட்டைகளைச் சரிசெய்து கொண்டிருந்தால் அடுத்த அலை திரும்பக் கொண்டு வந்து சேர்த்துவிடும்.

*

மேலே எழுதிய இருவரோடு நானும் சிலவற்றைச் சேர்க்கிறேன். கையுறையும் தடித்த அடிப்பாகம் கொண்ட காலணியும் இல்லாமல் இத்தகைய கரைகளில் இறங்காதீர்கள். பிடி என்று நினைத்து நான் கைவைத்த பிளவில் கடல் முள்ளெலி ஒன்று இருந்தது. கையுறையையும் மீறி முள் நுனி விரலில் ஒடிந்தது. பொறுக்கும் அளவு சூடான நீரில் கையை நெடுநேரம் அமிழ்த்தி வைத்தபோது வலி தணிந்தது. உள்ளே தங்கிய துணுக்கை மருத்துவர்தான் எடுத்தார்.

இன்னொன்று: இருவர் ஒரே நேரத்தில் ஏறக் கூடாது. முதலாமவர் சறுக்கினால் சிலிண்டரோடு இரண்டாமவர் மீதே விழுவார். முதலில் ஏறியவர் குனிந்து கைகொடுக்கவும் வேண்டாம். நீர் இழுக்கும்போது இருவரும் சேர்ந்தே உள்ளே போவார்கள். அவர் தன் கருவிகளைக் கழற்றி வைத்துவிட்டு, அலை எட்டாத உயரத்தில் நின்று, அடுத்த கூட்டம் எப்போது வருகிறது என்று கடலைப் பார்த்துக் கைச்சைகையால் சொன்னால் போதும். நீர்மட்டத்தில் மிதப்பவருக்கு அது தெரியாது.