ஸ்டால் போட்டு சேத்த காச ஊர்ல இருக்கற படிப்பு மையத்துக்கு எப்படி முறையா அனுப்பறது?

கொலம்பஸ்_மன்னைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஒஹையோல கொலம்பஸ் பக்கம் இருக்கோம், நாங்க ஒரு பதினாலு குடும்பம். பாதிப்பேர் ஐடி, ரெண்டு பேர் நர்ஸ், ஒருத்தர் யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றார். போன ரெண்டு பொங்கல் விழாவுலயும் சாப்பாட்டு ஸ்டால் போட்டோம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் கராஜ்ல நின்னு வெங்காயம் அரிஞ்சி, காலைல அஞ்சு மணிக்கே வடைக்கு மாவு ஆட்டி, பசங்கதான் விலைப்பட்டியல் எழுதி கல்லால நின்னாங்க. அதுல வந்தது, அப்புறம் தனியா சிலபேர் குடுத்தது எல்லாம் சேத்து 6,200 டாலர் இருக்கு.

இது எதுக்குன்னா, மன்னார்குடி பக்கம் எங்க ஊர்ல ஒரு அக்கா சாயங்காலம் ஆறுலேந்து எட்டு வரைக்கும் புள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக்குடுக்கறாங்க. 2021 கடைசில தமிழ்நாடு அரசோட இல்லம் தேடிக் கல்வி திட்டம் வந்தப்ப மாசம் 1,000 ரூபா ஊக்கத்தொகைல தன்னார்வலரா சேந்தவங்க. இப்ப அந்தப் பணம் அவங்களுக்கு வரல, ஆனா மையத்த நிறுத்தல. முப்பத்தஞ்சு புள்ளைங்க, பாதி புள்ளைங்க வீட்ல யாருமே எட்டாவது தாண்டல. போன லீவுக்கு போனப்ப நானே போய் உக்காந்து பாத்தேன். மூணாவது படிக்கற பொண்ணு ஒண்ணு எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் முழுசா படிச்சி முடிச்சிட்டு என்ன நிமிந்து பாத்துச்சி பாருங்க, அப்பவே இதுக்கு ஏதாவது பண்ணியே ஆகணும்னு தோணிடுச்சி.

இப்ப கேள்வி. எங்க சித்தப்பா அக்கவுண்ட்ல போட்டுட்டா அவர் செலவு பண்ணிடுவார்னு ஒரு கூட்டம் சொல்லுது. இன்னொருத்தர் நாமளே ஒரு அமைப்பு பதிவு பண்ணிடலாங்கறார். எங்கள்ல அஞ்சு குடும்பம் அமெரிக்க சிட்டிசன், மத்தவங்க எச்1பி, க்ரீன் கார்டு. அப்புறம் ஸ்மார்ட் டிவி, டேப்லட் வாங்கிக் குடுக்கலாம்னு பாதிப்பேர் சொல்றாங்க, எனக்கு அது சரியாப் படல, ஆனா ஏன்னு எடுத்துச் சொல்லத் தெரியல. அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_வாலண்டியர்:

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, சித்தப்பா அக்கவுண்ட் வேணவே வேணாம். அவர் நேர்மையானவரா இல்லையாங்கறது இங்க பிரச்சனையே இல்ல. பலபேர்கிட்ட ஒரு பொதுவேலைக்குன்னு சொல்லி வாங்கின காசு அது, அதக் குடும்பச் செலவுக்கு அனுப்பறோம்னு பேங்க்ல எழுதினா அது பொய், நாளைக்கு யாராவது கேட்டா மாட்டறது ஊர்ல இருக்கற அவர்தான்.

இந்தியாவுல எஃப்சிஆர்ஏன்னு ஒரு சட்டம் இருக்கு, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010ல வந்தது, 2020 செப்டம்பர்ல இன்னும் இறுக்கினாங்க. வெளிநாட்டுலேந்து நன்கொடை வாங்கணும்னா அந்த ட்ரஸ்டுக்கு அதுல பதிவு இருக்கணும், இல்லன்னா முன்அனுமதி வாங்கணும். பணம் மொதல்ல டெல்லில இருக்கற ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்லதான் வந்து விழணும், அங்கேந்துதான் ஊருக்கு வரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, முன்னாடி அது 50ஆ இருந்துச்சி.

இத நாங்க பட்டுதான் கத்துக்கிட்டோம். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப இங்க நாலே நாள்ல காசு சேத்தோம், அவ்ளோ வேகம். வேதாரண்யம் பக்கம் நல்லா வேல செஞ்சிட்டிருந்த ஒரு சின்ன குழுவுக்கு அனுப்பினோம், அவங்ககிட்ட பதிவு இருக்கான்னு ஒருத்தர்கூட கேக்கல. பேங்க்ல பணத்த நிறுத்தி வச்சிட்டாங்க, கடிதம் மேல கடிதம் போட்டு அது திரும்பி வர்றதுக்குள்ள நாலு மாசம் ஆயிடுச்சி. கூரைக்கு ஷீட்டு போட்டுத் தரோம்னு அந்த ஜனங்ககிட்ட சொல்லிட்டு அவங்க பனிலயும் மழைலயும் கெடந்தத இப்ப நெனச்சாலும் மனசு ஆறல.

உங்க கூட்டத்துல பாஸ்போர்ட் ரெண்டு வகையா இருக்கறத கவனிங்க. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கறவர், எச்1பியோ க்ரீன் கார்டோ, தன் சொந்த சேமிப்புலேந்து பேங்க் வழியா நேரா குடுத்தா அது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது, ட்ரஸ்டோட சாதாரண அக்கவுண்ட்லயே வாங்கிக்கலாம். பாஸ்போர்ட் காப்பி கேப்பாங்க, குடுத்துடுங்க. ஆனா அமெரிக்க சிட்டிசன் ஆயிட்டா, வெளிநாட்டு சிட்டிசன் ஆன இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற ஓசிஐ கார்டு இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். ஸ்டால்ல வந்தது பலபேர் காசு, அதுல யார் எந்த நாடுன்னு பிரிக்கவே முடியாது, அதனால 6,200 டாலரும் எஃப்சிஆர்ஏ வழியாத்தான் போகணும். மாசாமாசம் அம்பது டாலர் தரேன்னு ஒரு எச்1பி தம்பி சொன்னா அவர் அவர் கணக்குலேந்து நேரா குடுக்கட்டும், ரெண்டயும் கலக்காதீங்க.

பதிவு விஷயம். இங்க 501சி3, அதாவது வரிவிலக்கு உள்ள தொண்டு அமைப்புங்கற அங்கீகாரம், வாங்கறது பெரிய கஷ்டம் இல்ல, வருஷ வரவு 50,000 டாலருக்குக் கீழன்னா சின்ன ஃபாரமே போதும், 275 டாலர் கட்டணும். ஆனா வாங்கினப்புறம் வருஷாவருஷம் கணக்கு காட்டணும், போர்டு மீட்டிங் போடணும், நீங்க சேத்து அங்க கைமாத்தி விடற குழாயா மட்டும் இருக்கக்கூடாது, பணம் எங்க போவுதுன்னு முடிவு பண்றதும் கண்காணிக்கறதும் உங்க பொறுப்புன்னு இங்கத்த வரிச் சட்டம் எதிர்பாக்குது. பதினாலு குடும்பத்துக்கு அது பெரிய சுமை. அதுக்கு ஏற்கனவே இருக்கற அமைப்புல சேந்துடுங்க. எய்ட், ஆஷா ரெண்டும் 1991ல ஆரம்பிச்சது, ஒண்ணு மேரிலேண்ட் யுனிவர்சிட்டில, இன்னொண்ணு பெர்க்லில, மாணவப் பசங்க ஆரம்பிச்சதுதான், இன்னிக்கும் வாலண்டியர்களாலதான் ஓடுது. தமிழ்நாடு அறக்கட்டளை 1974லேந்து இருக்கு. ப்ராஜெக்ட எடுத்துட்டுப் போங்க, துருவித் துருவி கேள்வி கேப்பாங்க, கோவப்படாதீங்க, அந்தக் கேள்விகள்தான் உங்களக் காப்பாத்தும். கூடுதலா ஒரு லாபம், 501சி3க்குக் குடுத்தா பல கம்பெனில அதே அளவு அவங்களும் போடுவாங்க.

களப்பணி_நாகை:

வணக்கம் தோழர். நான் காசு வாங்கற பக்கம் இருக்கறவன், நாகை மாவட்டத்துல பதினோரு வருஷமா ஒரு ட்ரஸ்டுல வேல பாக்கறேன்.

அண்ணன் சொன்ன 2020 திருத்தத்துல எங்கள ரொம்ப பாதிச்சது வேற ஒண்ணு. முன்னாடி சென்னைலயோ மதுரைலயோ ஒரு பெரிய ட்ரஸ்ட் வெளிநாட்டுப் பணத்த வாங்கி, கிராமத்துல இருக்கற சின்னச்சின்ன குழுக்களுக்குப் பிரிச்சிக் குடுக்கும். அத அடியோட தடை பண்ணிட்டாங்க, வாங்கினவங்கதான் செலவு பண்ணணும். சின்ன குழு தானே பதிவு வாங்கலாமேன்னா, மூணு வருஷம் ஓடியிருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சம் செலவு காட்டணும். உங்க அக்கா மாதிரி ஒருத்தங்க அதுக்கு எங்க போவாங்க சொல்லுங்க. நல்லா வேல செய்யறவங்கதான் இதுல வெளிய நிக்கறாங்க.

ஆனா வழி இருக்கு. உங்க பக்கம் எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள, கல்வில வேல செய்யற ட்ரஸ்ட் ஒண்ணப் பிடிச்சி, அந்த மையத்த அவங்களோட சொந்த மையமாவே எடுத்து நடத்தச் சொல்லுங்க. அக்கா அவங்க பணியாளர், சம்பளம் நேரா அக்கா அக்கவுண்டுக்கு. அப்ப அது கைமாத்தி விடறது ஆகாது. பாடம் சொல்லிக்குடுக்கறவங்க சம்பளம் அந்த 20 சதவீதத்துக்குள்ளயும் வராது. பதிவு சர்டிஃபிகேட்டும், போன ரெண்டு வருஷ எஃப்சி-4ம், அதாவது வெளிநாட்டுப் பணத்துக்கு வருஷாவருஷம் அரசுக்குக் காட்டற கணக்கும் கேளுங்க, ஒழுங்கான ட்ரஸ்ட் தயங்காம எடுத்து வைக்கும்.

டிவி, டேப்லட் பத்தி. எனக்கு உங்க நண்பர்கள் மேல கோவமே இல்ல, நல்ல மனசோடதான் கேக்கறாங்க. ஆனா நாங்க மையங்களுக்குப் போனா மொதல்ல எடுத்துப் பாக்கறது டீச்சரோட வருகை நோட்டத்தான். எங்க டீச்சர் ஒருத்தங்க ஆப்சென்ட் போட்டா பக்கத்துலயே காரணத்தயும் பென்சில்ல எழுதுவாங்க. "நடவு", "தம்பிய பாத்துக்க", "அம்மா திருப்பூர் போயிட்டாங்க", "தலைக்கு ஊத்தி காச்சல்". ஒரு தடவ ஒரே பையன் பேருக்கு நேரா ஆறு நாள் "செருப்பு இல்ல"ன்னு இருந்துச்சி. அவன் வீட்டுலேந்து மையத்துக்கு வர வழில கருவமுள்ளு. நூத்தி இருவது ரூபா செருப்பு வாங்கிக் குடுத்தோம், ஏழாவது நாள் வந்தான். அத எழுதறதுக்கு அங்க ஒரு ஆள் இருந்தாங்க பாருங்க, அந்த ஆளுக்குத்தான் காசு வேணும். அவங்க கல்யாணமாயி போயிட்டாலோ துணிக்கடை வேலைக்குப் போயிட்டாலோ டிவிய போட ஆள் இருக்காது.

அக்காகிட்ட நேரா கேளுங்க, உங்களுக்கு என்ன வேணும்னு. ஒரு வருஷம் மாசம் 5,000 ரூபா தந்துட்டு நிறுத்தறதுக்குப் பதிலா மூணு வருஷம் மாசம் 3,000 ரூபா உறுதியா தந்தா அவங்க அத நம்பி வாழ்க்கைய அமைச்சிக்குவாங்க.

அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள். புள்ளைங்கள வரிசையா நிக்க வச்சி கையில உங்க பேரு போட்ட நன்றி பேனர் குடுத்து போட்டோ கேக்காதீங்க. அந்த வயசுல அதுங்களுக்குத் தெரியும், எதுக்கு நிக்கறோம்னு.

அபுதாபி_தோழி:

வளைகுடால இருந்து படிக்கறவங்களுக்காக ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன். யுஏஇல இந்த மாதிரி ஸ்டால் போட்டோ வாட்ஸப் குரூப்ல கேட்டோ நாமளா காசு வசூல் பண்ணவே கூடாது, 2021ல வந்த நன்கொடைச் சட்டப்படி தனிநபர் வசூல் குத்தம், அபராதம், ஜெயில் எல்லாம் இருக்கு. தெரியாம குரூப்ல போட்டுடறாங்க, தயவுசெஞ்சி வேணாம். நாங்க அஞ்சாறு பேர் என்ன பண்றோம்னா, எல்லாரும் இந்திய பாஸ்போர்ட், அவங்கவங்க சம்பளத்துலேந்து அவங்கவங்களே ஊர்ல இருக்கற ட்ரஸ்டுக்கு நேரா அனுப்பிடறோம். யார்கிட்டயும் கேக்கறதும் இல்ல, சேக்கறதும் இல்ல.

செருப்பு விஷயம் படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன் தோழர்.

கொலம்பஸ்_மன்னைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அக்காவுக்கு போன் போட்டேன். என்ன வேணும்னு கேட்டதுக்கு மொதல்ல ஒண்ணும் வேணாம்மான்னுதான் சொன்னாங்க. விடாம கேட்டப்புறம், ஆறாவதுலேந்து எட்டாவது வர புள்ளைங்களுக்கு கணக்கு சொல்லித்தர தன்னால முடியல, பக்கத்துத் தெருவுல பிஎஸ்சி மேக்ஸ் முடிச்ச பொண்ணு சும்மா இருக்கு, அதுக்கு மாசம் ஏதாவது குடுத்தா ரெண்டு பேராப் பாத்துக்குவோம்னாங்க. அப்புறம் மையம் நடக்கற மண்டபத்துல டியூப்லைட் ஒண்ணு எரியல, அதுக்கும்னாங்க. ரெண்டு வருஷமா நாங்க டிவி எத்தன இஞ்சுன்னு பேசிட்டிருந்திருக்கோம்.

எங்க மீட்டிங்ல களப்பணி தோழர் எழுதினத அப்படியே படிச்சிக் காட்டினேன், டிவி கேட்டவரே மொதல்ல மூணு வருஷம்னு கை தூக்கினார். எச்1பில இருக்கற ஏழு குடும்பம் தனித்தனியா மாசாமாசம் குடுக்கறோம்னு சொல்லிட்டாங்க. ஒரே ஒரு சந்தேகம், இப்ப அந்த 6,200 என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கற அக்கவுண்ட்லதான் கெடக்கு, அத என்ன பண்றது?

பழைய_வாலண்டியர்:

ஒடனே யார் யார் எவ்ளோ குடுத்தாங்க, ஸ்டால்ல எவ்ளோ வந்துச்சின்னு ஒரு பேப்பர்ல எழுதி மூணு பேர் கையெழுத்துப் போட்டு வச்சிக்குங்க. எந்த அமைப்போட சேரப்போறீங்கன்னு முடிவானதும் மொத்தத்தயும் அங்க செக்கா குடுத்து ரசீது வாங்கிடுங்க. தை மாசம் அடுத்த ஸ்டால் போடறதுக்கு முன்னாடி இத முடிச்சிடுங்க, இந்தத் தடவ கல்லால வர்ற காசு நேரா அவங்க கணக்குக்கே போற மாதிரி வச்சிக்கலாம். சேக்கற எடத்துல போர்டுலயும் அந்த அமைப்பு பேரப் போட அனுமதி கேளுங்க.

அந்த டியூப்லைட்டுக்கு இதுக்கெல்லாம் காத்திருக்க வேணாம், சித்தப்பாகிட்ட சொல்லுங்க, அவர் கைக்காசுல இன்னிக்கே மாட்டிடட்டும்.