நூலகப் பணியில் கைப்பேசி: ஊழியர்கள் தயங்குவது ஏன்?

கல்லூரி நூலகர், திருச்சி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் நூலகத்தில் கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருள் சில ஆண்டுகளாக இயங்கி வருகிறது. ஆண்டு இருப்புச் சரிபார்ப்பைக் கைப்பேசியால் பார்கோடு ஸ்கேன் செய்து முடிக்கலாம் என்றும், நூலைத் திருப்பித் தரவேண்டிய தவணை பற்றிய நினைவூட்டலை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றும் ஊழியர்களிடம் சொன்னேன். எவரும் மறுக்கவில்லை, எவரும் தொடங்கவும் இல்லை. வீட்டில் பணம் செலுத்துவது முதல் பயணச்சீட்டு எடுப்பது வரை கைப்பேசியிலேயே செய்பவர்கள், பணிக்கு வந்ததும் பதிவேட்டையே நாடுவதற்கு வயது காரணமா, பயிற்சிக் குறைவு காரணமா?

ஓய்வுபெற்ற பல்கலைக்கழக நூலகர்:
ஐயா, இரண்டுமே முதன்மைக் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. புதிய கருவியை மக்கள் ஏற்பது எதனால் என்பதை விளக்க 1989இல் ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, கருவியால் பயன் உண்டு, அதைக் கையாள்வது எளிது என்ற இரண்டு எண்ணங்களை முதன்மைப்படுத்தியது. 2003இல் வெங்கடேஷும் உடன் ஆய்வாளர்களும் அதை விரிவாக்கியபோது, சுற்றியுள்ளோரின் எதிர்பார்ப்பையும் பணியிடம் செய்து தரும் வசதிகளையும் சேர்த்தார்கள். உங்கள் ஊழியர்களிடம் குறைவது இந்தக் கடைசி ஒன்றுதான். ஸ்கேன் செய்யப்போவது யாருடைய கைப்பேசி, செலவாவது யாருடைய டேட்டா?

இதைவிடப் பெரியது, நூல் தொலைந்தால் ஏற்கவேண்டிய பொறுப்பு. நடுவண் அரசு நிறுவனங்களுக்கான 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி, ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் வரையிலான இழப்பை, நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ இல்லாதவரை, இயல்பானதாக ஏற்கிறது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூல் தொலைந்தால் விசாரணை கட்டாயம். இத்தகைய விதி இல்லாத இடங்களிலும் தணிக்கையாளர் கேள்வி கேட்பது நூலகரைத்தான். அப்போது அவரைக் காப்பது கையொப்பமிட்ட பதிவேடு. ஆகவே, ஸ்கேன் செய்த எண்களின் கோப்பைக் கோஹாவின் இருப்புச் சரிபார்ப்புப் பகுதியில் ஏற்றி, வரும் பட்டியலை அன்றன்றே அச்சிட்டு, ஊழியரும் நீங்களும் ஒப்பமிட்டு வையுங்கள்.

அரசுக் கல்லூரி உதவி நூலகர்:
வாட்ஸ்அப் பற்றி மட்டும் சொல்கிறேன். சொந்த எண்ணிலிருந்து நினைவூட்டல் அனுப்பத் தொடங்கிய பிறகு, எனக்கு இரவிலும் அழைப்புகள் வந்தன. குழுவாக அமைத்தாலோ, மாணவியரின் எண்கள் குழுவிலுள்ள அனைவருக்கும் தெரிந்துவிடுகின்றன. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னரும் இதைச் சிறிய விஷயமாகக் கருதுவது முறையன்று. தவணை முடியும் முன் மின்னஞ்சல் அனுப்பும் வசதி கோஹாவிலேயே இருக்கிறது. முதலில் அதை இயக்குங்கள்.

கல்லூரி நூலகர், திருச்சி:
இருவருக்கும் மிக்க நன்றி. மின்னஞ்சல் வசதியை இந்த வாரமே அமைக்கிறேன். அச்சிட்ட பட்டியலைத் தணிக்கையாளர் ஏற்பாரா என்பதுதான் எஞ்சியுள்ள ஐயம்.

ஓய்வுபெற்ற பல்கலைக்கழக நூலகர்:
சரிபார்ப்பைத் தொடங்கும் முன்பே நூலகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, முதல்வரிடம் எழுத்து வடிவில் ஆணை பெறுங்கள். நூலகத்தின் பெயரில் ஒரு கைப்பேசி வாங்குவதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.